கட்டு யாருடையது?

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தொழில் நெறிப் பாடம் எடுக்கும்போது, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில், வழக்கறிஞரின் கடமைகளைச் சொல்லும் ஆறாம் பகுதியை முதல் வகுப்பிலேயே நான் திறப்பதில்லை. நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரருக்கும் எதிர்த்தரப்புக்கும் சக வழக்கறிஞருக்கும் ஆற்ற வேண்டிய கடமைகளைத் தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்து, வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

ஒரு கேள்வியோடு தொடங்குவேன். பீஸ் பாக்கி வைத்திருக்கும் கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரிடம் போக விரும்பி, தம் வழக்கின் ஆவணங்கள் அடங்கிய வழக்குக் கட்டைக் கேட்கிறார், கொடுப்பீர்களா? பாக்கி தீராமல் கொடுக்க மாட்டோம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் ஜூனியராக இருந்த அலுவலகத்திலும் அதுவே வழக்கம். பீரோச் சாவி என்னிடம்தான் இருந்தது.

அடுத்து ஆர்.டி. சக்சேனா வழக்குக்கு வருவேன். மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்த அவர், 1993-இல் வங்கி தம்மை விலக்கிவிட்டுக் கட்டுகளைக் கேட்டபோது, 97,100 ரூபாய்க்குப் பில் அனுப்பி, அது தீர்ந்தால்தான் தருவேன் என்றார். பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு 18 மாதம் தொழில் செய்யத் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது என்றாலும், அவர் செய்தது தொழில்முறைத் தவறே என்பதை மாற்றவில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு உயர் நீதிமன்ற அட்டர்னிகள் எனப்படும் வழக்கறிஞர்களுக்குப் பிணையுரிமை, அதாவது பாக்கி தீரும்வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, தருகிறதே என்று விவரமான மாணவர் யாராவது மடக்குவார். அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன். அந்தப் பிரிவு பேசுவது ஒப்படைக்கப்பட்ட சரக்கைப் பற்றி. விற்றுக் காசாக்க முடியாத வழக்குக் கட்டு அந்தப் பொருளில் சரக்காகாது என்றது நீதிமன்றம். பீஸை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழி உண்டு. வாய்தா நெருங்கும் வேளையில் கட்டில்லாமல் நிற்கும் கட்சிக்காரருக்குத்தான் போக்கிடமில்லை.

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிய பிறகு, கட்டைத் திருப்பிக் கொடுக்கும் கடிதம் ஒன்றை ஆவணப் பட்டியலோடும் வரவு செலவுக் கணக்கோடும் எழுதச் சொல்வேன். சென்ற முறை வந்தவற்றில் நடை, மரியாதை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பாதிப் பேர், கட்சிக்காரர் நீதிமன்றக் கட்டணத்துக்கென்று கொடுத்த முன்பணத்தில் மீதி எவ்வளவு என்பதை எழுதவே இல்லை.