கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் மாமரமும் அவகாடோவும் கூரையைத் தாண்டிக் கம்பியைத் தொட்டு நிற்கும். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்ததும், "இப்ப கரண்ட் இல்லே, சட்டுனு ஏறி வெட்டிடுங்கண்ணே" என்று மரம் வெட்டுபவரிடம் சொல்வார் வீட்டுக்காரர். ஒத்துக்கொள்ளவே கூடாது. கரண்ட் எந்த நொடியும் திரும்பலாம் என்பது பாதிக் காரணம்தான். பக்கத்து வீட்டார் வீட்டைத் தெரு லைனிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை பிளக்கில் செருகியிருந்தால், அந்த 230 வோல்ட் தெருக் கம்பிக்கு வந்து, ட்ரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மறுபக்கம் 11,000 வோல்ட்டாகிவிடக்கூடும்.

பச்சை மரத்தில் கரண்ட் பாயும். ஆனால் ஃபியூஸைப் போக்கும் அளவுக்குப் பாயாது, ஆபத்தே அங்கேதான். 11,000 வோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட். மரத்தின் தடை 20,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 0.3 ஆம்பியர். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. மனித இதயத்துக்கு 0.1 ஆம்பியரே போதும். லைன் ட்ரிப் ஆனாலும் நம்ப முடியாது. தானியங்கி பிரேக்கர் சில நொடிகளில் மறுபடி கரண்டை விட்டுப் பார்க்கும்.

அலுமினிய ஏணி கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். மரமேறும் சில இடுப்புக் கயிறுகளுக்குள் இரும்புக் கம்பி ஓடுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் கம்பும் மரப்பால், தூசி, ஈரம் படிந்தால் காப்பாற்றாது. சாதாரண ரப்பர் பூட்ஸ் கணக்கிலேயே இல்லை.

லைன் பயிற்சி இல்லாதவர்களுக்கு மரவேலைப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஏஎன்எஸ்ஐ இஸட்133 விதி, 50,000 வோல்ட் வரை 3.05 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது. உடம்பை மட்டும் அளந்தால் போதாது. கையிலிருக்கும் கம்பும் வெட்டும் கிளையும் அதில் சேரும். நுனிப் பாரம் விழுந்ததும் மிச்சக் கிளை மேலே துள்ளும், பல நேரம் கம்பியை நோக்கியே.

அதைவிட நெருங்க வேண்டுமென்றால் லைன்காரர்கள் வந்து துண்டித்து, சோதித்து, வேலையிடத்தின் இருபுறமும் எர்த் போட (லைனைத் தரையோடு இணைக்க) வேண்டும். போனில் "ஆஃப் பண்ணிட்டோம்" என்பது போதாது. எர்த் கம்பியைக் கண்ணால் பார்த்த பிறகே ஏறலாம்.

மேலே ஒருவர் கரண்டில் மாட்டிக்கொண்டால், கீழே இருப்பவர் மரத்தைத் தொடாமல், பாதங்களை ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து விலகி, பத்து மீட்டருக்கு அப்பால் நின்று மின்துறையை அழைக்க வேண்டும். ஓடினால் இரண்டு பாதங்களுக்கு இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் விழும்.

துண்டிப்புக்குக் காத்திருக்கும் நாளையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளாத வீட்டில் மரம் அப்படியே நிற்கட்டும்.