முக்கால் அங்குலத் திருகாணி

ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பூட்டினது பூட்டினபடி, கதவுக் கொண்டியும் அதை மாட்டும் நிலை நாதாங்கியுமாகப் படிக்கட்டில் கிடந்தது. திருகாணிகளின் மரையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவை நான் கழற்ற ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

முதல் ஞாயிறு நாதாங்கியில் கை வைத்தேன். ரெண்டு சுற்று சுற்றியதும் திருகாணி விரலோடு வந்துவிட்டது. நீளம் முக்கால் அங்குலம், அதில் பாதி துரு. கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது, துரு ஏறிய இரும்பு மரத்தைத் தின்கிறது. அதில் தொங்கியதோ அப்பா வாங்கிய திண்டுக்கல் பூட்டு. கை நிறையக் கனம். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா அதைத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார். துடைத்தவர் திருகாணியைப் பார்க்கவில்லை, நானும்தான்.

தெருமுனை ஆச்சாரியிடம் சொன்னேன். “தம்பி, பூட்ட எவன் தொறந்துனு குந்தினு இருப்பான்? நாதாங்கியத்தான் பேப்பான்” என்றார்.

மன்னடிக்குப் போய் கோச் போல்ட் வாங்கினேன். தலை வழவழவென்று உருண்டையாக இருக்கும், ஸ்க்ரூடிரைவர் வைக்கப் பிளவு கிடையாது. கழுத்து சதுரம் என்பதால் மரத்தில் கவ்விக்கொள்ளும், வெளியிலிருந்து சுற்ற முடியாது. கதவைத் துளைத்து உள்பக்கம் வாஷர், நட் போட்டு முடுக்க வேண்டும். நிலைக்கு அது ஆகாது, பின்னால் சுவர். அதனால் அங்கே மட்டும் ரெண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் திருகாணி. பழைய ஓட்டைகளில் தேக்குச் சில்லைச் சீவி, ஃபெவிகால் தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டேன்.

காயவிட்ட பொறுமை மறுநாள் இல்லை. மூன்று திருகாணிக்கு மெல்லிய ட்ரில் பிட்டால் முன்துளை போட்டு, மரையில் சோப்பு தேய்த்து இறக்கினேன். வெண்ணெய் மாதிரி போனது. நாலாவதற்குச் சோம்பல், நேராக முடுக்கினேன். ‘டக்’. கழுத்து ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. தேக்கோடு விளையாடக் கூடாது. ஒரு விரல் தள்ளிப் புதுத் துளை போட்டேன். நாதாங்கித் தகட்டிலும் புதுசாக ஓட்டை போட வேண்டியதாயிற்று, பார்க்க அசிங்கம்தான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. மீந்த தேக்குத் துண்டில் பழைய கொண்டியைப் பழைய திருகாணியோடு மாட்டி, ரெண்டடிக் கம்பியால் நெம்பினேன். ஒரே நெம்பில் பறந்து அம்மாவின் துளசித் தொட்டியில் விழுந்தது. அதே கொண்டியை ரெண்டரை அங்குலத்தில் மாட்டி, காலை ஊன்றி நெம்பியதில் கொண்டி வளைந்தது, திருகாணி அசையவில்லை. (துளசிக்காக வாங்கிய திட்டு தனி.)

நடுவில் பூட்டு மக்கர் செய்தது. அம்மா மாதாமாதம் தேங்காய் எண்ணெய் விட்டுவந்திருக்கிறார். அது உள்ளே தூசியைப் பிடித்துப் பிசினாகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, பென்சில் முனைக் கரியைச் சுரண்டித் தூவினேன். இப்போது சாவி சிரமமில்லாமல் திரும்புகிறது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. வெளியே பூட்டு தொங்கினாலே வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும். அதனால் உள்பக்கம் பொருத்தும் பூட்டு ஒன்று மாட்டினேன். வெளியே சாவித்துவாரம் மட்டும். பூட்டின் நாக்கு நுழைய நிலையில் வரும் பெட்டி ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) தப்பிப்போனது, அரை நாள் அரம் போட்டேன். ஐப்பசி மழையில் கதவு ஊதினால் மறுபடி அரம் எடுக்க வேண்டியிருக்கும்.

நேற்று மாலை துணி எடுக்க மேலே போனேன். எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கைப்பிடிச் சுவர் ஒட்டியே இருக்கிறது. பூனை மாதிரி கோடிவரை நடக்கலாம். மொட்டைமாடிக் கதவில் ஒரு தகரத் தாழ்ப்பாள். திருகாணியைக் கழற்றி அளந்தேன், அரை அங்குலம்.