ஊறிப்போன கார்ப்பெட்

விடியற்காலை நாலு மணிக்குக் கால் வைத்தால் சொதசொதவென்று தண்ணீர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் கூரைக்குள் இருந்த கீசர் வெடித்து, ஹால் கார்ப்பெட் முழுக்க நனைந்துவிட்டது. ஈரம் எட்டாத நடையில் இருந்த மெயின் சுவிட்சை முதலில் அணைத்தேன். அடுத்து தண்ணீர் வால்வு. அப்புறம்தான் வாளியும் துணியும். பழைய துண்டுகளை விரித்து, மேலே ஏறி மிதித்து மிதித்துப் பிழிந்தோம்.

மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியிலிருந்த ஃபோம் தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடந்தது. தயவுசெய்து அதை மறக்காமல் பாருங்கள்! 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், அதுவும் டர்பன் புழுக்கத்தில்.

ஃபோமை வெட்டி எறிந்துவிட்டேன். கார்ப்பெட் நாற்காலிகள் மேல் தொங்குகிறது, ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. ஆயாவுக்கு ஆஸ்துமா, அந்தப் பூஞ்சை வாடை வீட்டில் தங்கவே கூடாது.