பழைய புக்கிங்கில் தங்கிவிட்ட பத்து டாலர்

ஆஸ்திரேலியாவின் என்டிஐஎஸ் திட்டத்தில் தெரபி விலை மாறும்போது கிளினிக் சாஃப்ட்வேரில் என்னென்ன செய்தீர்கள் என்று, என்னைப் போலவே கிளினிக் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் செய்த ஒரு தவறையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் இதை எழுதிப் பயனில்லை.

மேற்கு சிட்னியில் ஒரு சின்ன தெரபி கிளினிக் எங்களுடையது. இரண்டு பிசியோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.) இரண்டு பேர், ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு சைக்காலஜிஸ்ட். புக்கிங், இன்வாய்ஸ், கிளைம் எல்லாம் என் பொறுப்பு. பெண்டில் ஹில், துங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய என்பதால் அம்மாக்கள் பலர் என்னிடம் தமிழிலேயே பேசிவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டம்தான் என்டிஐஎஸ். 2013-இல் சட்டமாகி, அந்த ஆண்டு ஜூலையில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. இன்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளான், அதற்குள் இன்னதற்கு இவ்வளவு என்று பணம். அந்தப் பணத்திலிருந்து நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதை விலை வரம்பு ஆவணம் சொல்லும். ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று புதியது அமலுக்கு வரும்.

2025-க்கான அறிவிப்பு ஜூன் மாதத்தில் வந்தது. ஜூலை 1-க்கு மூன்று வாரம்கூட இல்லை. பிசியோவுக்கு இங்கே நியூ சவுத் வேல்ஸில் மணிக்கு 193.99 டாலராக இருந்தது 183.99 ஆனது. 2019-இலிருந்து ஒரு சென்ட்கூட ஏறாமல் இருந்த விலை, கடைசியில் இறங்கியது. தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களுக்கு அடி இன்னும் பெரிது, 224.62-இலிருந்து நேராக 183.99. ஓ.டி.க்கும் ஸ்பீச்சுக்கும் மாற்றமில்லை, பழைய 193.99தான். சைக்காலஜிஸ்டுக்கு எங்கள் மாநிலத்தில் 222.99-இலிருந்து 232.99 ஆக ஏறியது. இதெல்லாம் எண்கள்தான், மாற்றிவிடலாம். தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு வரி. தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய் வரும் பயண நேரத்துக்கு இனி மணிக் கட்டணத்தில் பாதிதான் கேட்கலாம்.

அதுவரை எங்கள் சாஃப்ட்வேரில் பயணத்துக்கென்று தனி விலை கிடையாது. செஷனுக்கும் பயணத்துக்கும் ஒரே விலை, ஒரே குறியீடு. பிசியோ என்றால் 15_055_0128_1_3, ஓ.டி. என்றால் 15_617_0128_1_3. முதலில் வரும் 15 அன்றாட வாழ்க்கைத் திறனை வளர்க்கும் பிரிவு, நடுவில் வரும் 0128 தெரபி. பணம் கேட்டு என்டிஐஎஸ் இணையதளத்தில், அதாவது போர்ட்டலில், ஏற்றும் கோப்பில் பயண வரியை மட்டும் ‘பயணம்’ என்று வகை குறித்துவிட்டால் வேலை முடிந்தது. ஜூலையிலிருந்து அதே குறியீட்டுக்கு இரண்டு விலை வேண்டும். குறியீட்டை மாற்றவும் கூடாது. ஆக ஒவ்வொரு தொழிலுக்கும் ‘பயணம் - பாதி’ என்று சாஃப்ட்வேரின் விலைப் பட்டியலில் புதிதாக ஒரு ஐட்டம் உருவாக்கி, அதே குறியீட்டைப் போட்டு, விலையை மட்டும் பாதியாக வைத்தேன்.

அங்கேயே ஒரு சிக்கல். 183.99-இல் பாதி 91.995. 193.99-இல் பாதி 96.995. 232.99-ஐப் பாதியாக்கினாலும் அரை சென்டில்தான் போய் நிற்கிறது. சாஃப்ட்வேர் தானாகவே மேலே தள்ளி 92.00, 97.00 என்று காட்டியது. வரம்பைத் தாண்டுவது அரை சென்ட்டாக இருந்தாலும் தாண்டியதுதான். எல்லாவற்றையும் கீழே இறக்கி 91.99, 96.99 என்று கையால் போட்டேன். பிளாக்டவுனில் ஒரு வீட்டுக்கு எங்கள் ஓ.டி. போக 18 நிமிடம், அதாவது 0.3 மணி. முன்பு அந்தப் பயணத்துக்கு 58.20 டாலர் வந்தது. இப்போது 29.10.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கிளினிக்குக்கு வர முடிந்த குழந்தைக்கு இந்த மாற்றத்தால் ஒன்றும் ஆகாது. வீல்சேரோடு வேனில் ஏற்றி இறக்க முடியாமல் வீட்டிலேயே தெரபி செய்துகொள்ளும் குழந்தைக்குத்தான், தெரபிஸ்டை வரவழைப்பது கடினமாகிறது. எங்களைப் போன்ற நகர்ப்புறத்தில் ஒரு போக்குக்கு அதிகபட்சம் 30 நிமிடம்தான் கேட்கலாம் என்ற எல்லை முன்பே உண்டு. இப்போது அந்த 30 நிமிடத்துக்கும் பாதிப் பணம். வீட்டுக்குப் போவதை நிறுத்த மாட்டோம் என்று எங்கள் உரிமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். செவ்வாய் என்றால் பிளாக்டவுன் பக்கம், வியாழன் என்றால் பென்ரித் பக்கம் என்று ஒரே திசையில் உள்ள வீடுகளை ஒரே நாளில் சேர்த்தோம். அதற்காக முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு போன் செய்து நாளை மாற்றச் சொல்லிக் கேட்டது நான்தான். ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஜூன் கணக்கை மூடுவது. இன்வாய்ஸ் என்றைக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விலை வராது, சேவை நடந்த நாளைப் பொறுத்தே வரும். ஜூன் 27 அன்று நடந்த சைக்காலஜி செஷனுக்கு ஜூலை 3 அன்று இன்வாய்ஸ் போட்டாலும் 222.99தான். எங்கள் சாஃப்ட்வேரில் ஐட்டத்தின் விலையை மாற்றினால், அதுவரை இன்வாய்ஸ் ஆகாமல் கிடக்கும் ஜூன் செஷன்களுக்கும் புது விலை ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எனக்கு. அதனால் ஜூன் 30 திங்கள் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஜூன் மாதம் முழுவதையும் இன்வாய்ஸ் போட்டு முடித்தேன். குறிப்பு எழுதாமல் விட்டிருந்த தெரபிஸ்டுகளை ஒவ்வொருவராகப் பிடித்து எழுத வைத்தேன். விலைப் பட்டியல் முழுவதையும் எக்செல்லில் இறக்கி ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அந்தப் பிரதிதான் மறுநாள் கைகொடுத்தது.

ஜூலை 1 செவ்வாய் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளினிக்கில் இருந்தேன். ‘என்டிஐஎஸ் விலைகளைப் புதுப்பி’ என்று சாஃப்ட்வேர் நிறுவனம் ஒரு பட்டன் கொடுத்திருந்தது. அரசு வெளியிடும் பட்டியலிலிருந்து குறியீட்டைப் பார்த்து எல்லா விலையையும் தானே மாற்றிவிடும். அழுத்தினேன். பிசியோ 183.99, சைக்காலஜி 232.99, சரியாக வந்தன. அப்படியே கீழே போய்ப் பார்த்தால், நான் பாதியாக வைத்திருந்த பயண ஐட்டங்கள் எல்லாம் முழு விலையில் நிற்கின்றன. குறியீடு ஒன்றாக இருப்பதால் அவற்றுக்கும் முழு வரம்பைப் போட்டுவிட்டது. எக்செல் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றினேன். இப்படி ஒரு பட்டனை நம்புகிறவர்கள் அழுத்திய பிறகு பட்டியலை மேலிருந்து கீழ்வரை கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறியீட்டை மட்டும்தான் பார்க்கிறது.

பிறகு சோதனைக்காக ‘டெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு போலிக் கணக்கை உருவாக்கி, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு புக்கிங் போட்டு, இன்வாய்ஸ் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியான விலை. பயணம் சரி, பாதி சரி, குறியீடு சரி. எட்டு மணிக்கு முதல் குழந்தை உள்ளே வரும்போது நிம்மதியாக இருந்தேன்.

சைக்காலஜி விலை ஏறியதைப் பற்றி மட்டும் உரிமையாளரிடம் பேச வேண்டியிருந்தது. வரம்பு என்பது உச்சவரம்பு. அவ்வளவு வாங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. பழைய விலையை வைத்துப் போட்ட பிளானில் பணம் குறிப்பிட்ட அளவுதான் இருக்கும். இருபது செஷன் என்று கணக்குப் போட்டிருக்கும் குடும்பத்துக்குத் திடீரென்று 200 டாலர் கூடிவிடும். ஏற்கெனவே வருகிறவர்களுக்கு நடப்புப் பிளான் முடியும்வரை பழைய விலை, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் புதிய விலை என்று முடிவானது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வாரம் பிசியோ கிளைம்கள் திரும்பி வர ஆரம்பித்தன. அரசே நேரடியாகப் பணம் தரும் பிளான்களில் போர்ட்டல் ஏற்கவில்லை. பிளான் பணத்தைக் கையாள பிளான் மேனேஜர் என்ற இடை அலுவலகத்தை வைத்திருப்பவர்களுக்கு, அந்த அலுவலகங்களிலிருந்து ‘விலை வரம்பை மீறியிருக்கிறது, திருத்தி அனுப்பவும்’ என்று மின்னஞ்சல்கள். திறந்து பார்த்தால் 193.99. எனக்குப் புரியவே இல்லை. ஐட்டத்தில் 183.99 இருக்கிறது, டெஸ்ட் கணக்கில் 183.99 வந்தது, இன்வாய்ஸில் மட்டும் எங்கிருந்து பழைய விலை?

அன்று சாயங்காலம்தான் அந்த போன் வந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மகனுக்குப் பெருமூளை வாதம், வாரம் ஒருமுறை பிசியோவுக்கு வருவான். பிளான் பணத்தை அவரே நிர்வகிக்கிறார்.

“தங்கச்சி, பிழையா நினையாதேங்கோ. பிசியோவுக்குக் காசு குறைச்சிருக்கினம் எண்டு கேள்விப்பட்டன். எங்கட பில்லில பழைய காசுதான் கிடக்கு.”

“ரெண்டு பில்லும் அப்படியா இருக்கும்மா?”

“ஓம், ரெண்டும். பத்து டொலர் பெரிய காசில்லைத்தான். ஆனா அது பெடியன்ர காசெல்லோ, நான் பாக்கத்தானே வேணும்.”

அந்தக் கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. அரசு நேரடியாகக் கொடுக்கும் பணத்தைப் போர்ட்டல் காவல் காக்கிறது. பிளான் மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு அந்த அலுவலகம் காவல். தாங்களே நிர்வகிக்கிறவர்களை விலை வரம்பு சட்டப்படி கட்டுப்படுத்தாது, விரும்பினால் கூடக் கொடுக்கலாம். அதனால் கூடுதலாக வாங்கினாலும் எங்கேயும் எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. ஆனால் எங்கள் சேவை ஒப்பந்தத்தில் ‘என்டிஐஎஸ் விலை வரம்பின்படி’ என்று நாங்களே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அந்த அம்மா கணக்குப் பார்க்காதவராக இருந்திருந்தால் வாராவாரம் பத்து டாலர் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

இரவு வீட்டில் மறுபடி லாக்-இன் செய்து அந்தப் பையனின் புக்கிங்கைத் திறந்தேன். ஏப்ரலில் போட்ட தொடர் புக்கிங், செப்டம்பர் வரை ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணி. ஐட்டத்தின் பெயருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் 193.99. அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் சாஃப்ட்வேர் புக்கிங் போடும் நிமிடத்திலேயே விலையை நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஐட்டத்தின் விலையை என்ன மாற்றினாலும் அந்த நகல் மாறாது. ஜூன் செஷன்களுக்குப் புது விலை ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன், நடந்தது அதற்கு நேர் எதிர். ஓ.டி.க்கும் ஸ்பீச்சுக்கும் விலையே மாறாததால் அங்கே தெரியவில்லை. என் சோதனை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், டெஸ்ட் கணக்கின் புக்கிங்கை அன்று காலைதான் போட்டேன். வருகிற குழந்தைகளின் புக்கிங் எல்லாம் மாதங்களுக்கு முன்பே போட்டவை.

சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. சேவை நாள் ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு, ஐட்டம் பிசியோ, விலை 193.99 என்று மூன்று வடிகட்டி போட்டு ஒரு ரிப்போர்ட் எடுத்தேன். 41 வரிகள். அதில் 11 தாங்களே நிர்வகிப்பவர்கள், பணமும் கட்டிவிட்டார்கள். முதலில் அந்தப் பதினொன்றைத்தான் எடுத்தேன். பழைய இன்வாய்ஸை அழிக்காமல், அதன் தொகையைக் கழித்துக் காட்டும் ஒரு கிரெடிட் நோட் போட்டு, சரியான விலையில் புது இன்வாய்ஸ், பத்து டாலர் வங்கிக்குத் திரும்ப. பழையதை அழித்திருந்தால் என் பக்கம் சுத்தமாகத் தெரியும், குடும்பத்தின் பக்கம் குழப்பமாகும். அவர்கள் ஐந்து ஆண்டு ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும், 193.99 என்று கிளைம் செய்திருந்தால் அதைத் திருத்தவும் வேண்டும். எதற்காகத் திருத்தினோம் என்று காட்ட மூன்று காகிதமும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மின்னஞ்சலோடு நிற்காமல் போனும் செய்தேன். தவறு எங்களுடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்.

பிறகு போர்ட்டலும் பிளான் மேனேஜர்களும் திருப்பியனுப்பிய முப்பது. அவை விலையைத் திருத்தி மறுபடி அனுப்பும் வேலைதான், பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கடைசியாக, வரப்போகும் தொடர் புக்கிங்குகள். எங்கள் சாஃப்ட்வேரில் மொத்தமாக விலை மாற்ற வழி இல்லை. தொடரை முடித்து, அதே கிழமை, அதே நேரத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் ‘உங்கள் சந்திப்பு ரத்தாகிவிட்டது’ என்று குறுஞ்செய்தி போய்விடும் என்பதால், முதலில் நினைவூட்டல் செய்திகளை நிறுத்திவிட்டு, மாற்றி முடித்து, மறுபடி இயக்கினேன். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். மகனுடைய தெரபி ரத்து என்று ஒரு செய்தி வந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து அம்மா அடுத்த புதன்கிழமை வந்தபோது மூன்று காகிதத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். வரவேற்பு மேசையிலேயே வைத்து, கண்ணாடியைப் போட்டு, நிதானமாக வரிவரியாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப குறைஞ்ச காசு எங்க போகும் தங்கச்சி?” பிளானிலேயே இருக்கும்மா, அதை வைத்துக் கூடுதலாக செஷன் வாங்கலாம் என்றேன். வாரம் பத்து டாலர் மிஞ்சினால், பதினெட்டுப் பத்தொன்பது வாரத்தில் ஒரு முழு மணி நேர பிசியோ. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பள்ளி விடுமுறையில் ஒரு செஷன் கூடுதலாகப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

டெஸ்ட் கணக்கை நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் வாரம் ஒரு புக்கிங் என்று அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை அதில் இப்போதே போட்டு வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம். அடுத்த ஜூலையில் அந்தப் பழைய புக்கிங்கில்தான் முதல் இன்வாய்ஸ் போட்டுப் பார்ப்பேன்.