"ஏன் சைபர் செக்யூரிட்டி?" என்று இன்டர்வியூவில் கேட்டால்

"சின்ன வயசுலேருந்தே கம்ப்யூட்டர்னா ஆர்வம் சார்." "இந்தத் துறைக்கு நல்ல எதிர்காலம் இருக்கு மேடம்." இந்த இரண்டு பதிலும் கேட்பவர் காதில் ஏறாது. அன்றைக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் படித்து முடித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவின் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நிவாரணத் தொகை எப்போது அக்கவுண்டில் ஏறும் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. அந்த நேரத்தில் "நிவாரணப் பயனாளிகள் பட்டியல்" என்று ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் கோப்பு) குரூப்பில் வந்து விழுந்தால், தொடாமல் இருப்பவர் எத்தனை பேர்? டிராஃபிக் சலான், கல்யாணப் பத்திரிகை என்று நாடு முழுக்கச் சுற்றுகிற கோப்புகளும் இதே சரக்குதான். ஊருக்கும் காலத்துக்கும் தக்கபடி பெயர் மாறும், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று கிடைத்தால் போனில் இன்ஸ்டால் செய்யாமல் கோப்பை மட்டும் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடும் போலிக் கம்ப்யூட்டருக்கு, கொண்டு போங்கள். முதல் வேலை ஷா-256 ஹேஷ் எடுப்பது; கோப்பின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் அது. கோப்புகளைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஹேஷை மட்டும் தேடுங்கள். கோப்பையே ஏற்றிவிட்டால் சந்தா கட்டிய யாரும் அதை இறக்கிப் பார்க்கலாம். அனுப்பியவன் அதைக் கவனித்தால் சர்வரை மாற்றிவிடுவான்.

பிறகு ஆப்பைப் பிரித்து உள்ளிருக்கும் நிரலைக் காட்டும் ஜாடெக்ஸ் கருவியில் திறந்து, ஆப் கேட்கும் அனுமதிகள் எழுதியிருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைப் படியுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் காட்டுகிற ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? வங்கி அனுப்பும் ஓடிபியை வந்த வேகத்தில் வேறு எங்கோ தள்ளிவிடத்தான். எங்கே தள்ளுகிறது என்பதும் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும்: ஒரு டெலிகிராம் பாட் (தானாக இயங்கும் கணக்கு) முகவரி, அல்லது கூகுளின் ஆன்லைன் தகவல் கிடங்கான ஃபயர்பேஸின் முகவரி.

புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சில கோப்புகளில் எஸ்எம்எஸ் அனுமதியே இருக்காது. வேறு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் அனுமதி மட்டும் இருக்கும். "ஒன்றும் இல்லை" என்று மூடிவிடாதீர்கள். நிஜமான திருட்டு ஆப், கோப்புக்குள்ளேயே இருக்கும் அசெட்ஸ் ஃபோல்டருக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்; "அப்டேட் செய்யவும்" என்று ஒரு பட்டன் காட்டி அதை இறக்குவார்கள்.

அந்த டெலிகிராம் பாட்டின் சாவியான டோக்கன் கண்ணில் பட்டதும் பாட்டுக்குள் போய்ப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் அனுமதியில்லாமல் நுழைவதே தவறு; அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக வந்தால் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருடன் வீடுதானே என்று அதில் சலுகை எதுவும் இல்லை.

பணம் போயிருந்தால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன். வங்கிப் பெயர், தொகை, நேரம், யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் நான்கும் கையில் இருக்கட்டும். பணம் ஒரு கணக்கில் தங்காது; கணக்கு விட்டுக் கணக்கு தாவி ஏடிஎம்மில் வெளியேறும். அதற்குள் முடக்கினால்தான் உண்டு. இடையில் வருகிற அந்தக் கணக்குகளில் மாணவர்களிடம் சில ஆயிரத்துக்கு வாடகைக்கு வாங்கியவையும் இருக்கின்றன. நண்பன் கேட்டான் என்று பாஸ்புக்கும் சிம்மும் கொடுத்தவர் பெயரும் வழக்கில் சேரும். அதற்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் எந்த செக்யூரிட்டி வேலையும் நிலைக்காது.

வீட்டிலேயே பழக ஒரு லேப் வைப்பதென்றால் 16 ஜிபி ரேம் இருந்தால் சௌகரியம். 8 ஜிபி என்றால் தாக்கிப் பழகும் கருவிகள் கொண்ட காளி லினக்ஸுக்கு 2, தாக்கப்படுவதற்கென்றே செய்த மெட்டாஸ்பிளாய்டபிள் மெஷினுக்கு 1 கொடுத்து ஒப்பேற்றலாம். நெட்வொர்க்கை ஹோஸ்ட்-ஒன்லியில் (உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும்) வையுங்கள். வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜில் போட்டால் ஓட்டைகளுக்காகவே செய்த அந்த மெஷின் ஹாஸ்டல் வைஃபை முழுக்கத் தெரியும்.

முதல் வேலை பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ எஸ்ஓசி எல்1, அதாவது நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை இரவு பகலாகக் கண்காணிக்கும் மையத்தில் முதல் படி, ஷிஃப்டில். சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் நடக்காது. விண்டோஸ் லாகில் (நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவில்) 4625 என்றால் தோற்ற லாகின், 4624 என்றால் உள்ளே போன லாகின். ஒரே ஐபியிலிருந்து நூறு 4625 வந்து கடைசியில் ஒரு 4624 வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரே தாளத்தில், நாள் முழுக்க 4625 மட்டும் வந்தால் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அதை வைத்துத் தானாக லாகின் செய்யும் பழைய சர்வீஸில் மாற்ற மறந்திருப்பார்கள். இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில் ருசி இல்லாதவருக்கு ராத்திரி ஷிஃப்ட் நரகம். ராத்திரி ஷிஃப்ட் ஒழியப்போவதும் இல்லை. 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, பட்டியலிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் அவசர உதவி அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்டுகொள்ளாத இன்னொரு வாசல், கடலும் ஆலையும். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் செய்தியில் அனுப்பியவர் யார் என்பதற்கு எந்தக் கையெழுத்தும் கிடையாது. பொய்யான இடத்தைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். ஆலை இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் முறை 502 போர்ட்டில் பாஸ்வேர்டே கேட்காது. 2024 ஜூலை 1 முதல் ஒப்பந்தமாகும் குறிப்பிட்ட வகைப் புதுக் கப்பல்களுக்கு, கப்பல் தரச்சான்று நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏசிஎஸ்ஸின் இ26, இ27 சைபர் விதிகள் கட்டாயம். படகில் ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃப் ரேடியோவும் பார்த்து வளர்ந்தவருக்கு இதைப் புரியவைக்க யாரும் படம் போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் தெரிந்தவருக்குப் போட வேண்டும்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த ஏபிகே பற்றி இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். என்ன அனுமதி கேட்டது, தகவல் எங்கே போனது, அதை எந்த வரியிலிருந்து சொல்கிறீர்கள், எது பிடிபடவில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் கேட்பவர் முதலில் பிடிப்பார், அதனால் அதை மறைக்காதீர்கள். ஏமாந்தவரின் பெயர், போன் எண், கணக்கு எண் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து அழித்துவிடுங்கள். மங்கலாக்கினால் போதாது, கறுப்புக் கட்டம் போட்டுப் புதுப் படமாகச் சேமியுங்கள். அந்த ஏபிகே கோப்பை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்ற வேண்டாம், ஹேஷ் போதும்.