நகலின் பின்பக்கம்

வக்கீல் குமாஸ்தாவின் வேலையில் பாதி, நாள்களை எண்ணுவதுதான். தக்கலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு முறை சறுக்கினேன்.

வழித்தகராறு வழக்கு அது. சென்ட் கணக்கில் துண்டுபட்ட நிலமும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) போட்ட மலையாளப் பத்திரங்களும் உள்ள குமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே கிடையாது. முன்சீப் கோர்ட்டில் எங்கள் கட்சிக்காரர் தோற்றார். நடவழியை மறித்த சுவரை அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்.

அவர் தீர்ப்பு நகல் கேட்டு மனு போட வந்ததே 27ஆவது நாளில். பத்து நாளில் நகல் தயாரானது. கையில் வாங்கியதும் போன் செய்தார்: "தம்பி, இன்றிலிருந்து முப்பது நாள் இருக்கிறது, இல்லையா?" நான் கல்யாணப் பந்தியில் இருந்தேன். "வாருங்கள் அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்துவிட்டேன். அவர் நிம்மதியாக மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பதாம் நாள் வந்தார்.

நகலைத் திருப்பிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மனு போட்டது, கட்டணம் கேட்டது, கட்டியது, தயாரானது, வாங்கியது என எல்லாத் தேதியும் பின்பக்கத்தில்தான் இருக்கும். காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நகலுக்காகக் காத்திருந்த நாள்களை மட்டுமே கழிக்கும். மனு போடுவதற்கு முன் கரைந்த 26 நாள் கரைந்ததுதான். கட்டணத்தை நாமே தாமதமாகக் கட்டினால் அதுவும் நம் தலையில்தான். அவருக்கு மிச்சம் இருந்தது 4 நாள். கோர்ட் விடுமுறையில் கெடு முடிந்தால் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

ஐந்து நாள் தாமதத்துக்கு அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் மன்னிப்பு மனு, பிரமாணப் பத்திரம், எதிர்தரப்புக்கு நோட்டீஸ். அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் எடுத்துக்காட்டினார்: ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்பதென்றால், ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக் கூடாது? கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்பு மனு முடிவாகும் வரை தீர்ப்புக்குத் தடையாணை கிடைக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 3ஏ விதி அப்படித்தான் சொல்கிறது. எதிர்தரப்பு அதற்குள் தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்டு நிறைவேற்று மனு போட்டுவிட்டது.

செலவுத்தொகை கட்டி, மனு அனுமதிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்கு எண் விழுந்தபோது சுவர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோ போய்வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது போனில் யார் கேட்டாலும் எத்தனை நாள் என்று நான் சொல்வதில்லை. நகலோடு வரச் சொல்லி, கடைசித் தேதியைக் கிழமையோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.