இறால் குட்டை அலர்ட் லேட்டா வந்துச்சு: ராபிட்எம்கியூவை சரி பண்ண அனுபவம்

ராபிட்எம்கியூ (ஒரு ப்ரோக்ராம் அனுப்பற மெசேஜை வரிசையில, அதாவது கியூவுல, வச்சு இன்னொண்ணுக்குக் குடுக்கற ப்ரோக்கர் சாஃப்ட்வேர்) ட்யூனிங்னு தேடினா பெரிய கம்பெனி கதைதான் கிடைக்குது. நம்ம பக்கம் சின்ன டீமா இருந்து நாலு சர்வர் வச்சு ஓட்டறவங்களுக்கு உபயோகப்படட்டும்னு இதை எழுதறேன். எங்க ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்துல. கஸ்டமர் முக்கால்வாசி பேர் பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் வனாமி இறால் பண்ணை வச்சிருக்கறவங்க. குட்டைக்குக் குட்டை சென்சார் இருக்கும், தண்ணியில ஆக்சிஜன், பிஎச், உப்பு, சூடு எல்லாம் சில செகண்டுக்கு ஒரு தடவை எம்க்யூடிடி (சென்சார் மாதிரி சின்ன சாதனங்க மெசேஜ் அனுப்பற முறை) வழியா ராபிட்எம்கியூக்கு வரும், அங்கேருந்து எங்க ப்ரோக்ராம் (கன்ஸ்யூமர்னு சொல்லுவோம்) எடுத்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல எழுதும், ஆக்சிஜன் கொறஞ்சா பண்ணைக்காரர் போனுக்கு அலர்ட் போகும்.

இந்த அலர்ட் ஏன் முக்கியம்னு இறால் தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். பகல்ல குட்டையில இருக்கற பாசி வெயில்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி வெயில் இல்லாததால ஆக்சிஜன் விடாது, மூச்சுக்கு எடுக்க மட்டும் செய்யும், அதனால விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்ப கீழ இருக்கும். அந்த நேரத்துல கரண்ட் போய் ஏரேட்டர் (தண்ணியில காத்து கலக்கற மெஷின்) நின்னுச்சுன்னா ஜெனரேட்டர் போட ரொம்ப டைம் கிடையாது. ஒரு குட்டை போச்சுன்னா ஒரு குடும்பத்தோட சில மாச உழைப்பும் வாங்கின கடனும் சேந்து போகுது. கிள்ளையில ஒரு பண்ணைக்கார அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நான் ஜெனரேட்டர் போட்டு, டீ குடிச்சு, வீட்டுக்கும் வந்துட்டேன், இப்பதான்பா உங்க மெசேஜ் வருது"ன்னாரு. கோவமா கூட சொல்லல, ஆனா அதுக்கப்புறம் எனக்கு வேற வேலை ஓடல.

இந்த சிஸ்டத்தை எங்களுக்கு முன்னாடி வேற டீம் செட் பண்ணியிருந்தாங்க, ராபிட்எம்கியூ வெர்ஷன் 3.8, கிட்டத்தட்ட எல்லாமே டீஃபால்ட் செட்டிங். சாதாரண நாள்ல ஒரு குறையும் இல்லாம ஓடும். மழைக்காலத்துல கரண்ட் போய் வந்தா மட்டும் சிக்கும். காரணம் என்னன்னா, பண்ணையில கரண்ட் போனா ரௌட்டர் செத்துடும், ஆனா கேட்வே பெட்டிக்கு (சென்சார் ரீடிங்கை வாங்கி நெட்ல அனுப்பற பெட்டி) பேட்டரி இருக்கறதால அது ரீடிங்கை எல்லாம் உள்ளயே சேத்து வச்சுக்கும், கரண்ட் வந்ததும் அந்த ஏரியாவுல இருக்கற அத்தனை பெட்டியும் ஒரே நேரத்துல கனெக்ட் ஆகி சேத்து வச்ச மொத்தத்தையும் கொட்டும்.

அடுத்த தடவை கரண்ட் போய் வந்தப்ப மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தேன், 15672 போர்ட். மெமரி சிவப்பா இருந்துச்சு. ராபிட்எம்கியூ மெஷின் ரேம்ல இவ்வளவு சதவீதத்தைத் தாண்டினா அலாரம் அடிக்கும்னு ஒரு அளவு இருக்கு, 3 சீரிஸ்ல டீஃபால்ட் 0.4, அதாவது 40 சதவீதம், எங்க மெஷின் 8 ஜிபி, அப்ப சுமார் 3.2 ஜிபி. அதைத் தாண்டினதும் மெசேஜ் அனுப்பற கனெக்ஷன் எல்லாத்தையும் ப்ரோக்கர் தடுத்து நிறுத்திடும், சாக்கெட்லேருந்து படிக்கவே படிக்காது. கேட்வே பக்கம் பாத்தா பிங் அனுப்பிச்சு பதில் வரல, சரி சர்வர் செத்துடுச்சுன்னு கனெக்ஷனை அறுத்துட்டு திரும்ப கனெக்ட் ஆகும், திரும்ப கொட்டப் பாக்கும்.

பாத்த உடனே எல்லாருக்கும் தோணறது அந்த 0.4ஐ 0.7 ஆக்கிடலாம், இல்ல ரேம் ஏத்திடலாம்னுதான். எங்க டீம்லயும் அதான் பேச்சு. நான் வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னேன். கியூ ஏன் காலியாகலைங்கறது தெரியாம தொட்டியைப் பெருசாக்கினா ரொம்பறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ராபிட்எம்கியூகன்ட்ரோல் கமாண்ட்ல கியூ லிஸ்ட் எடுத்து ரெடி (கியூவுல காத்திருக்கறது) எவ்வளவு, அன்ஆக்ட் (கன்ஸ்யூமர் எடுத்துட்டுப் போயும், முடிச்சிட்டேங்கற ஆக் இன்னும் வராதது) எவ்வளவுன்னு தனித்தனியா பாருங்க. பிரச்சனை எந்தப் பக்கம்னு இந்த ரெண்டு நம்பரே முக்கால்வாசி சொல்லிடும். ரெடி ஏறுதுன்னா எடுக்கறதுக்கு ஆள் பத்தல. அன்ஆக்ட் ஏறுதுன்னா எடுத்துட்டுப் போனவன் முடிக்கல. எங்களுக்கு ரெடி கிட்டத்தட்ட ஜீரோ, அன்ஆக்ட் மலை மாதிரி. பிரீஃபெட்ச் (ஆக் வராம ஒரு கன்ஸ்யூமருக்கு எத்தனை மெசேஜ் வரைக்கும் குடுக்கலாம்ங்கற அளவு) செட் பண்ணாம விட்டா லிமிட்டே கிடையாது, அதனால கியூவுல இருந்தது அத்தனையும் முதல்ல கனெக்ட் ஆன ஒரே கன்ஸ்யூமர்கிட்ட போயிடுச்சு. கல்யாணப் பந்தியில அண்டா சோத்தையும் ஒரே இலையில கொட்டிட்டு பக்கத்து இலையெல்லாம் காலியா கெடக்கற மாதிரி, மத்த கன்ஸ்யூமர் ரெண்டும் சும்மா நின்னுச்சு. அப்ப புதுசா எத்தனை கன்ஸ்யூமர் ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல, ஏற்கனவே ஒருத்தன் கைக்குப் போன மெசேஜ் அவனே திருப்பித் தந்தாலோ அவன் கனெக்ஷன் அறுந்தாலோதான் திரும்ப வரும்.

ஆனா உண்மையான முடிச்சு இதுவும் இல்ல, எனக்குப் புரியறதுக்கு ரொம்ப நேரம் புடிச்சது வேற ஒண்ணு. எங்க கன்ஸ்யூமர் ரீடிங்கை எடுக்கும், டேட்டாபேஸ்ல எழுதும், ஆக்சிஜன் கம்மியா இருந்தா அலர்ட் மெசேஜை அதே ராபிட்எம்கியூக்கு பப்ளிஷ் பண்ணும் (அனுப்பும்), எல்லாமே ஒரே கனெக்ஷன்ல. மெமரி அலாரம் அடிச்சிருக்கற நேரத்துல ஒரு கனெக்ஷன் பப்ளிஷ் பண்ணிச்சுன்னா ப்ரோக்கர் அந்த கனெக்ஷனையே படிக்கறத நிறுத்திடும், அப்ப அதே கனெக்ஷன்ல வர்ற ஆக்கையும் படிக்காது. ஆக் போய் சேரலன்னா மெசேஜ் மெமரியை விட்டுப் போகாது, மெமரி எறங்கலன்னா அலாரம் நிக்காது, அலாரம் நிக்கலன்னா கனெக்ஷன் திறக்காது. கன்ஸ்யூமர் லாக்ல ஒரு எரர் கூட இல்ல, சிபியூவும் அமைதியா இருக்கு, ஆனா ஒண்ணும் நகரல. கனெக்ஷன்ஸ் பக்கத்துல கன்ஸ்யூமரோட பேருக்கு நேரா பிளாக்ட்னு இருந்ததைப் பாத்தப்பதான் விஷயம் விளங்குச்சு. அங்க பிளாக்கிங்னு இருந்தா அலாரம் இருக்கு ஆனா இவன் இன்னும் பப்ளிஷ் பண்ணலன்னு அர்த்தம், பிளாக்ட்னா பண்ணப் போய் மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். கன்ஸ்யூம் பண்ண ஒரு கனெக்ஷன், பப்ளிஷ் பண்ண இன்னொரு கனெக்ஷன், இது ராபிட்எம்கியூ டாக்குமென்ட்லயே இருக்கற அறிவுரைதான், படிக்கும்போது சின்ன விஷயமா தெரியும், தயவு செஞ்சு பண்ணிடுங்க.

அதைப் பிரிச்சோம், பிரீஃபெட்ச் வச்சோம். அப்புறம் கன்ஸ்யூமர் வேகம். ஒரு மெசேஜுக்கு ஒரு இன்சர்ட் (எழுதறது), ஒரு கமிட்னு (எழுதினதை உறுதி பண்றது) இருந்துச்சு, டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் வரைக்கும் போய் வரணும்ல. 200 மெசேஜ் சேத்து ஒரே இன்சர்ட்டா போட்டு, கடைசி மெசேஜுக்கு மட்டும் மல்டிபிள்னு போட்டு ஆக் அனுப்பினா முன்னாடி இருக்கற எல்லாத்துக்கும் சேத்து ஆக் ஆயிடும். இங்க ஒண்ணு கவனிங்க, ஒரே தடவைல எழுதற பேட்ச் 200ன்னா பிரீஃபெட்ச் குறைஞ்சது அவ்வளவாவது இருக்கணும், 100ன்னு வச்சா 200 சேரவே சேராது, ஆக் வராம ப்ரோக்கர் அடுத்ததைத் தராது, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நாங்க 400 வச்சோம், கூடவே ஒரு செகண்டுல 200 சேரலன்னா இருக்கறதை எழுதிடுன்னு ஒரு டைமர். எங்களுக்கு அதிக வேகம் குடுத்தது இந்த மாத்தம்தான், ப்ரோக்கர்ல பண்ண எதுவும் இதுக்குக் கிட்ட கூட வரல.

அடுத்தது அலர்ட். பழைய ரீடிங் பின்னாடி புது ரீடிங் வரிசையில நின்னா கியூ எவ்வளவு வேகமா ஓடினாலும் அலர்ட் லேட்தான். அதனால கேட்வே ப்ரோக்ராம்லயே பிரிச்சோம், இப்ப எடுத்த ரீடிங் ஒரு டாபிக் (மெசேஜுக்குப் போடற விலாசம் மாதிரி), சேத்து வச்ச பழசு வேற டாபிக். எம்க்யூடிடி ப்ளகின் டீஃபால்ட்டா எல்லாத்தையும் ஏஎம்கியூ டாபிக் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் (மெசேஜ் எந்த கியூவுக்குப் போகணும்னு பிரிச்சு அனுப்பற இடம்) அனுப்பும், டாபிக்ல இருக்கற ஸ்லாஷ் புள்ளியா மாறிடும், அதை வச்சு ரெண்டு கியூவுக்கு பைண்ட் பண்ணிட்டோம். பழசு மெதுவா போகட்டும், ஒண்ணும் கெட்டுடாது. கேட்வே திரும்ப கனெக்ட் ஆகறப்ப ஆளுக்கொரு ரேண்டம் நேரம் காத்திருந்து வரட்டும்னும் போட்டோம், மொத்தப் பெட்டியும் ஒண்ணா மோதறது நின்னுச்சு.

அலர்ட் போற கியூவை மட்டும் மூணு நோட்ல (ராபிட்எம்கியூ சர்வர்ல) கோரம் கியூவா (மெசேஜோட நகல் மூணுலயும் இருக்கற கியூ) மாத்தினோம், ஒரு நோட் போனாலும் மெசேஜ் இருக்கும், பப்ளிஷர் கன்ஃபர்மும் (மெசேஜ் சேந்துச்சுன்னு அனுப்பினவனுக்கு ப்ரோக்கர் சொல்றது) போட்டாச்சு. ரீடிங் கியூ கிளாசிக்காவே (சாதாரண கியூவாவே) இருக்கு, ஒரு ரீடிங் தொலைஞ்சா அடுத்தது வந்துடும். எல்லாத்துக்கும் கோரம் போடணும்னு இல்ல, அது ஒவ்வொரு மெசேஜையும் பாதி நோடுக்கு மேல டிஸ்க்ல எழுதி உறுதி பண்ணித்தான் சரி சொல்லும், அந்த வேலைக்கு விலை உண்டு.

மீதி சின்னச் சின்னது. ஒரு சென்சார் கெட்டுப்போய் நம்பருக்குப் பதிலா ஏதோ குப்பையை அனுப்பிச்சு, கன்ஸ்யூமர் அதை ரிஜெக்ட் பண்ணி திரும்ப கியூவுக்கே தள்ள, அது உடனே திரும்ப வர, ஒரே மெசேஜ் சுத்திக்கிட்டே சிபியூவைத் தின்னுச்சு. இப்ப அப்படிப்பட்டது டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சுக்கு (ரிஜெக்ட் ஆன மெசேஜை ஒதுக்கி வைக்கற வழி) போயிடும், காலையில ஒருத்தர் பாப்பாரு. ஃபைல் டிஸ்கிரிப்டர் லிமிட் (ஒரு ப்ரோக்ராம் ஒரே நேரத்துல எத்தனை ஃபைல், கனெக்ஷன் திறந்து வைக்கலாம்ங்கற அளவு) 1024லேயே இருந்துச்சு, ஒரு கனெக்ஷனுக்கு ஒண்ணு போகும்கறப்ப அது எந்த மூலைக்கு, சிஸ்டம்டி யூனிட்ல (லினக்ஸ்ல சர்வீஸோட செட்டிங் ஃபைல்) 65536 ஆக்கினோம். டிஸ்க் ஃப்ரீ லிமிட் (டிஸ்க்ல காலி இடம் இதுக்குக் கீழ போனா அலாரம்) டீஃபால்ட் 50 எம்பிதான், அதை 2 ஜிபி ஆக்கினோம். சர்வர் ஹோஸ்ட்நேமை மாத்தறவங்க ஜாக்கிரதை, டேட்டா ஃபோல்டர் பேரே நோட் பேர்லதான் இருக்கும், பேரை மாத்தி ஸ்டார்ட் பண்ணா காலி ப்ரோக்கரா எழுந்துக்கும்.

பெர்ஃப்டெஸ்ட் டூல் வச்சு கரண்ட் வந்தப்ப வர்ற லோடை விட அதிகமாவே அடிச்சுப் பாத்தோம், பழைய ரீடிங் கியூ ஏறி நிதானமா எறங்குச்சு, புதுசு நிக்கவே இல்ல. மெமரி அலாரம் அளவு (வாட்டர்மார்க்) இன்னும் அதே 0.4தான், ரேமும் அதே 8 ஜிபிதான். அடுத்து 3.12க்கு மேல போகணும், அதுல கிளாசிக் கியூ தானாவே மெசேஜை டிஸ்க்குக்குத் தள்ளிடும், மெமரி இந்த அளவுக்கு ஏறாது. எம்க்யூடிடில நெறைய கேட்வே வச்சு ஓட்டறவங்க யாராவது இருந்தா கீப்அலைவ் (இவ்வளவு நேரத்துக்குள்ள ஒரு பிங்காவது அனுப்பணும்ங்கற அளவு) எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நாங்க 60 செகண்ட் வச்சிருக்கோம், கடலோரத்துல சிக்னல் விட்டு விட்டு வர்ற எடத்துக்கு அது சரியான்னு எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு.